“எனக்கு ஒன்றும் செய்யவில்லையே”

கர்ப்பத்தின் முப்பத்து நான்காம் கிழமை கிளினிக்குக்குப் போன அன்று காலையில் நான் வீட்டு முற்றம் கூட்டி, இரண்டு வாளி துணி துவைத்து, அதற்குப் பிறகுதான் குளித்துப் புறப்பட்டேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தலையிடி இல்லை, மயக்கம் இல்லை, கால் மட்டும் மாலையில் கொஞ்சம் வீங்கும். அந்த வீக்கத்துக்கும் எங்கள் பெத்தாவிடம் (பாட்டியிடம்) விளக்கம் இருந்தது: “தலைச்சன் பிள்ளைக்குக் கால் வீங்கிறது புதினமா மனே?” ஆகவே மிட்வைப் மிஸ் கைப்பட்டியைக் கழற்றாமல், “தங்கச்சி, கதைக்காம கொஞ்ச நேரம் இருங்க, திரும்ப ஒருக்கா பாப்பம்” என்றபோது கருவியில்தான் பிழை என்று நினைத்தேன். குருதி அமுக்கத்தின் முதல் அளவு 146/94. கால் மணி நேரம் கழித்து எடுத்தது 144/92.

“எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, மிஸ்” என்றேன். அடுத்த இரண்டு மாதங்களில் இந்த வசனத்தை எத்தனை பேரிடம் சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை. கர்ப்ப காலத்து உயர் குருதி அமுக்கத்தில் மிகவும் மோசமான பகுதி இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்: உடம்பு வாய் திறப்பதே இல்லை, திறக்கும்போது பெரும்பாலும் நேரம் பிந்திவிட்டிருக்கும்.

இருபதாம் கிழமைக்குப் பிறகு, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் அதை உயர் அமுக்கம் என்று கொள்கிறார்கள். மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று எல்லையைத் தாண்டினாலே போதும். 160/110 என்பது தீவிர நிலை, அங்கே மருந்து மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில் தொடங்க வேண்டும். அமுக்கத்தோடு சிறுநீரில் புரதமும் சேர்ந்தால், அல்லது ஈரல், சிறுநீரகம், குருதிச் சிறுதட்டுகள் ஆகியவற்றின் பரிசோதனைகள் பிசகினால், அதன் பெயர் பிரி-எக்லம்சியா. வலிப்பு வந்துவிட்டால் எக்லம்சியா. இதன் வேர் இருப்பது இதயத்தில் அன்று, நாங்கள் பள்ளிக்கூடத்தில் சூல்வித்தகம் என்றும் வீட்டில் நச்சுக்கொடி என்றும் சொல்கிற உறுப்பில். கர்ப்பத்தின் முதற்பாதியில் கருப்பைச் சுவரின் சுருள் நாடிகள் அகன்று விரிய வேண்டும். அது சரியாக நடக்காதபோது குருதி போதாமல் திணறும் நச்சுக்கொடி வெளிவிடும் பொருட்கள் தாயின் குருதிக் குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. நான் பதினோராம் தர மாணவர்களுக்கு விஞ்ஞானம் படிப்பிப்பவள். நச்சுக்கொடியின் படத்தைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். அது தாயையும் நோயாளியாக்கும் என்ற வரி எந்தப் பாடக்குறிப்பிலும் என்னிடம் இருக்கவில்லை.

அந்தக் கிளினிக் நாளுக்கு ஒரு கிழமைக்கு முன்னர், வீட்டாரின் ஆசைக்காக ஒரு தனியார் இடத்தில் வைத்தியரைச் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் எடுத்து, பார்த்திருந்தேன். மாடிப்படி ஏறிப் போய் மூச்சு வாங்க உட்கார்ந்த கணமே, சட்டைக் கைக்கு மேலாகவே பட்டியைச் சுற்றி, கை கீழே தொங்கிக்கொண்டிருக்க அளந்தார்கள். 140 ஐத் தாண்டியதாகக் காட்டியது. “படி ஏறினதால கொஞ்சம் டென்ஷன்” என்று யாரோ சொல்ல, அந்த எண் எங்கும் எழுதப்படாமலே போயிற்று. என்னை இன்றும் கோபப்படுத்துவது பிழையாக அளந்தது அன்று, பிழையாக அளந்தோம் என்று தெரிந்தும் மறுபடி அளக்காமல் விட்டதுதான். ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, பாதங்களை நிலத்தில் பதித்து, காலுக்கு மேல் கால் போடாமல், கையை இதயத்தின் மட்டத்தில் மேசையில் வைத்து, வெறும் தோலில் பட்டி கட்டி அளக்க வேண்டும். கை தாழ்ந்தால் அளவு கூடும், தடித்த கைக்குச் சிறிய பட்டி கட்டினாலும் கூடும். இதற்கு வேண்டியது பத்து நிமிடமும் ஒரு கதிரையும்.

களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரியில் இரண்டு நாட்கள் தங்கவைத்து, குருதிப் பரிசோதனைகள் செய்து, ஸ்கான் எடுத்து, அமுக்கத்தைக் குறைக்கும் லபெட்டலோல் குளிசை நாளுக்கு இரண்டு தடவை என்று எழுதி வீட்டுக்கு விட்டார்கள். வரும் வழியில் இவர், என் கணவர், ஒரு பிறசர் பார்க்கும் மெஷின் வாங்கினார். வீட்டு மெஷினை கிளினிக்குக்குக் கொண்டுபோய் அவர்களுடைய கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். என்னுடையது மேல் எண்ணை ஆறு குறைத்தே காட்டியது. பிரி-எக்லம்சியாவில் சில தானியங்கி மெஷின்கள் உண்மையை விடக் குறைத்துக் காட்டுவது உண்டாம், ஆகையால் அந்த ஆறையும் கூட்டித்தான் கொப்பியில் எழுதினேன். மெஷின் வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் அம்மாவின் கையில்தான் கட்டினோம். 172/100 என்று வந்தது. ஐம்பத்தெட்டு வயது வரை ஒரு குளிசையும் போடாதவர் என்று ஊரில் பெருமையாகச் சொல்லப்பட்டவர். அவரும், “எனக்கு ஒண்டும் செய்யல்லியே” என்றுதான் சொன்னார்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் பெண் கலியாணம் முடித்தாலும் தாய்வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்து சேருவார். ஆகவே எனக்கு அம்மா, பெத்தா, இரண்டு பெரியம்மாமார் என்று ஒரு வைத்தியச் சபையே அடுத்தடுத்த வளவுகளில் இருந்தது. சபையின் முதல் தீர்மானம் உப்பு. சோற்றில் இல்லை, சொதியில் இல்லை, கருவாடு வளவுக்குள்ளேயே வரக்கூடாது. பகல் முழுவதும் படுத்தே கிடக்க வேண்டும் என்பது இரண்டாவது. கிளினிக்கில் கேட்டபோது சிரித்தார்கள். உப்பைக் கடுமையாகக் குறைப்பதோ, படுக்கையிலேயே கிடப்பதோ பிரி-எக்லம்சியாவைத் தடுக்காது என்பதால் உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட பரிந்துரைகளிலேயே இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதே பரிந்துரைகள், உணவில் கல்சியம் குறைந்த இடங்களில் கர்ப்பிணிகளுக்குக் கல்சியம் கொடுக்கச் சொல்கின்றன. கிளினிக்கில் இலவசமாகத் தரும் கல்சியக் குளிசையை நாங்கள் எத்தனை பேர் அலுமாரியில் போட்டு வைத்திருக்கிறோம்! அதை இரும்புச்சத்துக் குளிசையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும் என்பதால் ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் போடச் சொன்னார்கள். கருவாட்டைத் தினமும் தின்னும் பழக்கத்தை விட்டது நல்லதுதான்; உப்பில்லாச் சோற்றை எதிரியைப் போலப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவை இருக்கவில்லை. பெத்தா மட்டும் சமாதானமாகவில்லை. வெள்ளிக்கிழமை அந்திக்கு மிளகாயும் உப்பும் எடுத்து என்னைச் சுற்றிக் கண்ணூறு கழித்து அடுப்பில் போட்டார், சோற்றில் மறுக்கப்பட்ட அந்தக் கைப்பிடி உப்பு எனக்காக நெருப்பில் வெடித்தது.

ஒரு விடயத்தில் மட்டும் நான் பெத்தாவோடு உண்மையாகவே சண்டை பிடித்தேன். இருமலுக்கென்று அதிமதுரம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை ஒரு போத்தலில் ஊற்றி வைத்திருந்தார். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, அமுக்கத்தை ஏற்றக்கூடியது. மூலிகை என்றால் தீங்கில்லை என்ற எங்கள் நம்பிக்கைக்கு இதை விடப் பொருத்தமில்லாத சரக்கு கிடையாது.

முப்பத்தாறாம் கிழமை கிளினிக்கில் சோதனைக் குழாயை ஸ்பிரிட் விளக்கின் மேல் சாய்த்துப் பிடித்து, என் சிறுநீரின் மேற்பகுதியை மட்டும் சூடாக்கினார்கள். முந்திய கிழமைகளில் கண்ணாடி போல இருந்தது, இந்த முறை குழாயின் வாய்ப்பக்கம் புகை படிந்தது போல மங்கத் தொடங்கியது. இரண்டு சொட்டு அசற்றிக்கமிலம் விட்டார்கள். வேறு உப்புகளால் வந்த கலங்கலாக இருந்தால் அது கரைந்துவிடும். கரையவில்லை. முட்டையின் வெள்ளைக்கரு வெந்நீரில் வெளுப்பதும் இதுவும் ஒன்றுதான், இரண்டுமே அல்பியுமின் வகைப் புரதம் வேகும் காட்சி. வகுப்பில் செய்துகாட்டினால் பிள்ளைகள் கைதட்டக்கூடிய பரிசோதனை. குழாயில் இருப்பது நம்முடையது என்றால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அன்றே போய் ஆஸ்பத்திரி வாட்டில் சேரச் சொன்னார்கள். நாளைக்குப் போகிறேனே என்றேன். திருத்தாத தவணைப் பரீட்சைத் தாள்கள் ஒரு கட்டு வீட்டில் கிடந்தன, எனக்கோ ஒன்றும் செய்யவில்லை. மிட்வைப் மிஸ் என்னோடு தர்க்கம் பண்ணாமல் இவருக்குக் கோல் எடுத்து, “பின்னேரத்துக்குள்ள சேர்ந்திட்டாவா எண்டு நான் வாட்டுக்கு எடுத்துக் கேப்பன்” என்று மட்டும் சொன்னார். பட்டிருப்புப் பாலத்தை ஓட்டோவில் தாண்டும்போது வாவியில் தோணிகள் நின்றன, நான் அந்தத் தாள்களைப் பற்றியே புலம்பிக்கொண்டிருந்தேன்.

இரவு இரண்டு மணிக்கு விழித்தபோது நெற்றியின் இரு பக்கமும் கட்டிப் பிழிந்தாற்போல இடித்தது. கண்ணுக்கு முன்னால் மின்மினிகள் போலப் புள்ளிகள் ஓடின. வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு நோவு. வீட்டில் இருந்திருந்தால் அதற்கு வாயு என்று பெயர் வைத்து, ஓமத்தண்ணி குடித்துவிட்டு, விடியட்டும் என்று படுத்திருப்பேன். ஈரல் வீங்கி அதன் உறை இழுபடுவதால் வரும் நோவு அது என்று பிறகுதான் தெரிந்தது. நேர்ஸ் மிஸ் அளந்தபோது 174/114. தலையிடி, பார்வைக் குழப்பம், மேல்வயிற்று நோவு, முகமும் கையும் திடீரென வீங்குதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது என்று பதிவட்டையோடு தந்த தாளில் அச்சடித்தே இருந்தது. படித்தும் இருந்தேன்.

அமுக்கத்தைக் குறைக்க ஊசி மருந்து ஒன்று, வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் ஒன்று என்று இரண்டும் தொடங்கினார்கள். ஆய்வுகூட அலுமாரியில் போத்தலில் இருக்கும், ஊரில் பேதி உப்பு என்று வாங்கும் அதே உப்பு, கிருமியழித்து நாளத்தினூடாக ஏற்றும்போது மூளையைக் காக்கும் மருந்தாகிறது. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரிடம் நடத்தப்பட்டு 2002 இல் வெளியான மாக்பை ஆய்வு, அது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே குறைப்பதைக் காட்டியது. ஏறும்போது உடம்புக்குள் யாரோ சுடுதண்ணீர் ஊற்றியது போல நெஞ்சிலிருந்து முகம் வரை சூடு பரவியது. அளவு மீறினால் மூச்சே அடங்கிவிடும் என்பதால், இரவு முழுவதும் சிறிய சுத்தியலால் முழங்காலில் தட்டிக் கால் துள்ளுகிறதா என்று பார்த்தார்கள், மூச்சை எண்ணினார்கள், சிறுநீரை மணிக்கு மணி அளந்து எழுதினார்கள். மாற்று மருந்தான கல்சியம் குளுக்கோனேற் கட்டிலருகே தட்டில் தயாராக இருந்தது.

காலையில் வீ.ஓ.ஜீ. (மகப்பேற்று வைத்திய நிபுணர்) வந்து, இந்த நோய்க்கு உண்மையான மருந்து பிள்ளையும் நச்சுக்கொடியும் வெளியே வருவதுதான் என்று இரண்டு வசனத்தில் முடித்தார். மதியத்துக்குள் சிசேரியன். பெண் பிள்ளை, 2 கிலோ 180 கிராம், தியேட்டருக்கே கேட்கும்படி அழுதாள்.

எல்லாரும் இதோடு கதை முடிந்தது என்று நினைத்தோம். பிள்ளை பிறந்தால் பிறசர் போய்விடும் என்பது அரை உண்மை. கர்ப்பத்தில் உடம்பில் தேங்கிய நீர் குருதிக்குத் திரும்பும் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை அமுக்கம் மறுபடி ஏறுவது வழக்கம். வலிப்பும் பேறுக்குப் பிறகு வரலாம். அந்த நாட்களில்தான் நாங்கள் வீட்டுக்கு வந்து, சரக்கரைத்த பத்தியக் கறியும் சுறா வறையுமாக எல்லாருடைய கண்ணும் பிள்ளையின் மேலே இருக்கிறது. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்த மிட்வைப் மிஸ் பிள்ளையின் தொப்புளைப் பார்த்துவிட்டு, என் கையில் பட்டியைக் கட்டினார். 162/108. பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், தலை கொஞ்சம் கனத்தது, நித்திரை இல்லாததால் என்று நினைத்திருந்தேன். இந்த முறை அந்த வசனத்தைச் சொல்லவில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்சில் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மறுபடி பாலத்தைத் தாண்டினோம். மருந்தை எனலப்ரிலுக்கு மாற்றினார்கள். கர்ப்பத்தில் கூடவே கூடாத அந்த மருந்தைப் பாலூட்டும் காலத்தில் கொடுக்கலாம் என்பது எனக்குப் புதிது.

குளிசை பேறுக்குப் பின் ஒன்பதாம் கிழமையில் நின்றது. ஆனால் பிரி-எக்லம்சியா வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர உயர் அமுக்கமும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம் என்பதால், வருடம் ஒரு முறை அமுக்கமும் சீனியும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பிள்ளை என்று வந்தால் பன்னிரண்டாம் கிழமை தொடக்கம் குறைந்த அளவு அஸ்பிரின் வேண்டிவரும் என்பதையும், அதற்காக முதல் கிளினிக்கிலேயே இந்தக் கதை முழுவதையும் சொல்ல வேண்டும் என்பதையும் கொப்பியின் பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே இப்போது இரண்டு நிரல்கள் ஓடுகின்றன, ஒன்று எனக்கு, மற்றது அம்மாவுக்கு. இன்று காலை அவருடையது 138/86. அளக்கும்போது கதைக்கக்கூடாது என்பதை மட்டும் அவர் இன்னும் பழகவில்லை.