மார்ச் மாதத்தில் நாற்காலி கிடைக்காது

கடலூர் மாவட்டத்துக் கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மஞ்சக்குப்பத்தில் வீடு. பேரப்பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் நண்பர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பது இதுதான்: "லைப்ரரில பிள்ளைங்களுக்கு இனிமே என்ன சார் இருக்கு? எல்லாம் போன்லயே வந்துடுச்சே."

வந்துவிட்டது, உண்மைதான். பாடப்புத்தகத்திலேயே க்யூஆர் கோடு அச்சிட்டிருக்கிறார்கள், காட்டினால் வீடியோ ஓடுகிறது. ஆனால் ஒற்றை அறை வீட்டில், அம்மா சமைத்துக்கொண்டிருக்க, பாட்டி சீரியல் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வீடியோவை எங்கே உட்கார்ந்து பார்ப்பது? நான் பார்த்தவரை பள்ளிப் பிள்ளைகளுக்கு நூலகத்தில் முதலில் வேண்டியது ஒரு மேசை, ஒரு மின்விசிறி, யாரும் கடைக்கு அனுப்பாத இரண்டு மணி நேரம். புத்தகம் அப்புறம்தான்.

புத்தகத்துக்கும் பருவம் உண்டு. ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள். அதற்கு முந்தைய வாரம் கவுன்டரில் நின்று பார்க்க வேண்டும். "சார், காமராசர் பத்தி சின்ன புக்கா குடுங்க, பேச்சுப் போட்டி." சின்னதாக என்பதுதான் முக்கியம். தடித்த வரலாற்றைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்த வாரம் மட்டும் காமராசர் நூல்களில் ஒன்றிரண்டை வீட்டுக்குத் தராமல் மேசையிலேயே வைத்துக்கொள்வேன். முதலில் வந்த பையன் எடுத்துப் போய்விட்டால், மற்ற பிள்ளைகள் மாணவர் கட்டுரைத் தொகுப்பில் இருக்கும் ஒரே பத்தியை ஒப்பிப்பார்கள், நடுவர்கள் பாவம். டிசம்பர் 11 வந்தால் பாரதியாருக்கும் இதே கதை. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம், போட்டிகள் எல்லாம் வைப்போம். கடலூரில் அது அடைமழைக் காலம். எந்தப் புண்ணியவான் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தாரோ, நிச்சயம் நம் பக்கத்துக்காரர் இல்லை.

ஒரு நூலகத்தில் அதிகம் கிழியும் புத்தகம் எது என்று கேட்டால் பலரும் நாவல் என்பார்கள். இல்லை, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையான தமிழ்ப் பாடப்புத்தகங்கள்தான். குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் கையில் அவை படும் பாடு சொல்லி முடியாது. இவர்கள் காலையிலேயே தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டுப் பையுமாக வந்துவிடுவார்கள். நாற்காலியில் ஒரு நோட்டை வைத்துவிட்டு டீக்குப் போனால் அந்த இடம் அவர்களுடையது, அதைத் தொட யாருக்கும் துணிச்சல் வராது. மார்ச்சில் பொதுத்தேர்வுப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளும்போது சண்டை நிச்சயம். "நான் காலைலேர்ந்து இருக்கேன்", "அக்கா, எனக்கு நாளைக்கு மேத்ஸ்" என்று இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். பத்திரிகை படிக்க வரும் பெரியவர்களைத்தான் நான் எழுப்புவேன். அவர்கள் என்னைத் திட்டுவார்கள், ஆனால் எழுந்துவிடுவார்கள்.

இந்தக் கூட்டத்தால் ஒரு நல்லதும் நடந்தது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்று ஒரு தேர்வு உண்டு. தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது பெரிய பணம். அந்தத் தேர்வில் பாடக் கேள்விகள் ஒரு பாதி, மனத்திறன் கேள்விகள் மறு பாதி: எண் தொடரில் அடுத்தது எது, படத்தில் பொருந்தாதது எது என்கிற வகை. போட்டித் தேர்வு எழுதுகிறவர்களும் நாள் முழுக்கப் போடுவது அதே மாதிரிக் கணக்குகள்தான். மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டில் ஒரு அண்ணன் நான்கு பிள்ளைகளை உட்கார வைத்து எண் தொடர் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். நான் கேட்டுக்கொண்டதில்லை, சுற்றறிக்கையும் வந்ததில்லை. "சொல்லிக் கொடுத்தாதான் சார் எனக்கே ஞாபகம் நிக்குது" என்றார்.

2015 நவம்பர் வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, பிள்ளைகளின் பையோடு புத்தகங்கள் ஊறிப்போயின. அரசு புதிதாகப் புத்தகம் கொடுத்தது. அது கைக்கு வரும் வரை பிள்ளைகள் நூலகத்துப் பிரதியை வைத்து ஆளுக்கொரு பாடமாக எழுதி எடுத்தார்கள். பாடப்புத்தகத்தைப் பொது நூலகத்தில் ஏன் வைக்க வேண்டும், பள்ளியில்தான் கொடுக்கிறார்களே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இனி எனக்கிருக்கும் குறை. பள்ளி விட்டு வீட்டுக்குப் போய், முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்டு ஒரு பிள்ளை நூலகம் வர மாலை ஐந்தரை ஆகிவிடும். சின்ன நூலகங்கள் பலவற்றில் அதற்கப்புறம் உட்காரக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். பக்கத்துச் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்லும் விதி ஒன்று. அலமாரியை ஒழுங்காக அடுக்கி நாங்கள் சேமித்துக் கொடுக்கும் நிமிடங்களை, சீக்கிரம் பூட்டித் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்.

அதைவிடப் பெரியது கழிப்பறை. நான் இருந்த ஒரு கிளை வாடகைக் கட்டடம், பெண்பிள்ளைகளுக்கு என்று தனியாக எதுவும் கிடையாது. பையன்கள் பூட்டும் வரை இருப்பார்கள், பெண்கள் ஒரு மணி நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். காரணத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆண்டு அறிக்கையில் வாசகர் எண்ணிக்கை எழுதுவோம், இத்தனை மணிக்கு யார் எழுந்து போனார் என்று எழுத அதில் கட்டம் இல்லை. கேட்டால் நிதி இல்லை என்பார்கள். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி சேர்ந்துதான் போகிறது. அடுத்த முறை ரசீதை எடுத்துப் பாருங்கள்.

புதுச்சேரியில் 1827இலேயே தொடங்கிய ரோமன் ரோலண்டு நூலகம் இருக்கிறது, நானே போய் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். அதே புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் இருக்கும் என் தங்கை பேரன் முன்பெல்லாம் கடலூர்ப் பிள்ளைகளின் பழைய கைடுகளை வாங்கிப் போவான். அங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு இந்தப் புத்தகம் அவனுக்கு உதவவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பாடம், அந்தப் பக்கம் வேறு பாடம். எண் தொடர் மட்டும் இன்னும் ஒன்றுதான், அதற்காக விடுமுறைக்கு வருகிறான்.

உங்கள் பிள்ளையைச் சேர்க்க நினைத்தால் அரையாண்டுத் தேர்வு வரை காத்திருக்காதீர்கள், ஜூனிலேயே சேர்த்துவிடுங்கள். உறுப்பினர் காப்புத்தொகை மிகக் குறைவு. என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று நூலகரிடம் கேட்டால் சொல்வார். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. அன்றைக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு நூலகரைத் திட்டாதீர்கள், மற்ற எல்லாருக்கும் விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் அவர் உள்ளேதான் இருப்பார்.