இடையன்குடி மணியும் அண்ணன் வீட்டு வாசலும்

போன லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், ஒரு சனிக்கிழமை, தெற்கே இருக்கிற பழைய கோயில்களில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வரலாம் என்று நானும் என் மனைவியும் பாளையங்கோட்டையிலிருந்து பைக்கில் கிளம்பினோம். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வோம். எனக்குக் கர்த்தரிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. மகன் சென்னைக்குக் கூப்பிடுகிறான். வீட்டை விற்றுவிட்டுப் போவதா, இங்கேயே இருப்பதா? எட்டு மாதமாக ஜெபத்தில் வைத்திருந்தேன், பதில் இல்லை. வருஷப் பிறப்பு ஆராதனையில் எடுத்த, வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை வாசித்தேன், பிடிக்காத வசனம் வந்தால் இன்னொரு தடவை திறந்தேன். நம்மில் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அப்படித் தேடும்போது நம் காதில் விழுவது பெரும்பாலும் நம்முடைய ஆசையின் சத்தம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

விடியுமுன் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்துக் கோயிலில் பத்து நிமிஷம் நின்றோம். 1826-இல் பிரதிஷ்டையான கோயில், எங்கள் கல்யாணம் நடந்ததும் அங்கேதான். அப்புறம் நாங்குநேரி வழியாக டோனாவூர்.

டோனாவூரில் அனுமதி கேட்டுப் பிள்ளைகள் இல்லத்து வளாகத்துக்குள் போனால், மரங்களுக்குக் கீழே ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கல்லறை இருக்கிறது. கல்லறை என்று சொன்னாலும் அங்கே பெரிய கல்லறைக் கல் கிடையாது. கல் வைக்க வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டதால், அவர்கள் வளர்த்த பிள்ளைகள், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்தார்கள். ஒரு தவிட்டுக்குருவி அதன் விளிம்பில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்துவிட்டுக் குடித்தது. அந்த அம்மா முதலில் போனது ஜப்பானுக்கு. உடம்புக்கு முடியாமல் திரும்பி, 1895-இல் இந்தியா வந்து, ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தவர். 1901-இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இந்துக் கோயிலில் விடப்பட்டிருந்த இடத்திலிருந்து தப்பி வந்து அவர்களிடம் சேர்ந்தாள். அதன் பிறகு ஊர் சுற்றுவதைக் குறைத்துக்கொண்டு பிள்ளைகளை வளர்க்க உட்கார்ந்துவிட்டார்கள். தான் போட்டு வைத்திருந்த திட்டத்துக்குக் குறுக்கே ஒரு பிள்ளை வந்து நின்றதைத் தேவன் கூப்பிடுகிற சத்தமாக எடுத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்? நானாக இருந்தால் அந்தப் பிள்ளையை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பேன்.

மத்தியானம் திசையன்விளையில் சாப்பிட்டுவிட்டு இடையன்குடி போய்ச் சேர்ந்தோம். பாதிரியார் கால்டுவெல் ஐயர் 1841-இல் சென்னையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த ஊர். 1847-இல் ஆரம்பித்த கோயில் வேலை 1880-இல்தான் முடிந்தது, முப்பத்து மூன்று வருஷம். ஒப்பிலக்கணம் எழுதிய அந்த மனிதர் 1891-இல் கொடைக்கானலில் இறந்தாலும் அடக்கமானது இங்கேதான். வெளியே தேரிச் செம்மணலின் வெக்கை முகத்தில் அடிக்க, உள்ளே கால் வைத்ததும் குளுகுளுவென்றிருந்தது.

மணி அடித்துக் கோயிலைப் பராமரிக்கிற கோயில் குட்டியார் விளக்குமாற்றோடு பெஞ்சுகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தார். தோத்திரம் சொல்லிவிட்டு, "அண்ணாச்சி, மணிச் சத்தம் ரொம்ப தூரம் கேக்குமோ?" என்றேன். சும்மா பேச்சுக் கொடுக்கத்தான்.

"கேக்குறதுக்கு என்னய்யா, எல்லாருக்கும்தான் கேக்கும். முத மணிக்கே எந்திரிச்சு வாரவங்க நாலு பேருதான்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் பெருக்கப் போய்விட்டார். எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. முதல் மணி அடித்ததும் குத்துப்போணியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போவாள், இரண்டாம் மணிக்கு எங்கள் தலையில் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள். மணி எதற்கு அடிக்கிறது என்று அவள் ஒருநாளும் யோசித்து நின்றதில்லை. வேதாகமத்தில் வருகிற சாமுவேலும் அப்படித்தானே? ராத்திரி தன்னைக் கூப்பிட்டது கர்த்தர் என்றுகூட அந்தப் பையனுக்குத் தெரியாது, ஆனாலும் படுக்கையை விட்டு எழுந்து மூன்று தரமும் ஆசாரியன் ஏலியிடம் ஓடினான். "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்ற வார்த்தையையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். தூக்கத்தை விட்டு எழுந்து ஓடிய அந்தக் கால்களைப் பற்றி யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை.

முழங்கால் படியிட்டேன். வீட்டு விஷயத்தைச் சொல்லும் ஆண்டவரே என்று ஆரம்பித்தேன். மனசில் என் அண்ணன் முகம் வந்தது. தள்ளிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன், மறுபடியும் அதே முகம். காதில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை, உடம்பு சிலிர்க்கவும் இல்லை. அப்பாவின் விளையில் இருக்கிற கிணற்றுப் பங்குக்காக ஆறு வருஷத்துக்கு முன்னால் சொந்தக்காரர்கள் நடுவில் வைத்து அண்ணனைப் பார்த்து நான் சொன்ன ஒரு வார்த்தை, அதை இங்கே எழுத எனக்கு வாய் வரவில்லை, அதுதான் அப்படியே திரும்பி வந்து என் முன்னால் நின்றது. தப்பு என்னுடையது என்பது அன்றைக்கு ராத்திரியே எனக்குத் தெரியும்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது மனைவி கேட்டாள்: "ஏங்க, முதலூர் போயிட்டுப் போவோமா?"

அண்ணன் இருக்கிற ஊர். ஆறு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். கிறிஸ்மஸுக்குக் கேட்டாள், கோயில் விருந்தான அசனத்துக்குக் கேட்டாள், மதினிக்குக் கண் ஆபரேஷன் என்று கேள்விப்பட்ட அன்றைக்கும் கேட்டாள். பெண்டாட்டி தொணதொணக்கிறாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன். எட்டு மாதமாக வேதாகமத்தில் விரல் வைத்துத் தேடியவனுக்கு, அடுப்பங்கரையிலிருந்து கர்த்தர் பேசியிருக்கிறார் என்பது இடையன்குடி வாசலில் நிற்கும்போதுதான் உறைத்தது.

தட்டார்மடம் வழியாகப் போனோம். 1799-இல் கிறிஸ்தவர்களுக்கென்றே உண்டான முதல் ஊர் என்பதால்தான் முதலூர். நான் பிறந்த ஊர். பனைகளுக்கு நடுவே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன், ஆனால் அண்ணன் வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். கால் சரியில்லை போலும், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அதைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்த எல்லாம் போய்விட்டது.

"அண்ணே, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு" என்று மட்டும் வந்தது.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சரி, மொதல்ல உள்ள வா" என்றார். மதினி கருப்பட்டிக் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் மனைவியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். கிணற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. ராத்திரி அங்கேயே படுத்துவிட்டோம். வீட்டை விற்பதா வேண்டாமா என்பதற்கு எனக்கு இந்த நிமிஷம் வரைக்கும் பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் இருட்டாக இருக்கும்போதே அண்ணன் வந்து என் காலைத் தட்டினார். இன்னொரு கையில் வாளி, அந்தக் கிணற்றுத் தண்ணீர்.

"எந்திரிலே, முத மணி அடிச்சாச்சு."