பூட்டிய டிஸ்க், கறுப்புத் திரை: நான்கு நாள் குறிப்புகள்

லினக்ஸின் மையமான கெர்னலின் அப்டேட் முடிந்தது, கணினியை ரீஸ்டார்ட் செய்தேன். எந்தக் கெர்னலில் எழ வேண்டும் என்று தேர்ந்தெடுக்க உதவும் கிரப் மெனு வந்து போனது. அப்புறம் கறுப்பு. வழக்கமாக அந்த இடத்தில் டிஸ்கின் கடவுச்சொல்லைக் கேட்கும் பெட்டி வரும். பத்து நிமிடம் காத்திருந்தும் ஒரு கர்சர்கூட வரவில்லை.

என்னுடையது டெபியன் லினக்ஸ் ஓடும் லேப்டாப், இன்டெல் கிராபிக்ஸ். டிஸ்க் முழுவதும் லக்ஸ் 2 என்கிற குறியாக்க முறையில் பூட்டப்பட்டிருக்கிறது. கணினி எழுவதற்கான கோப்புகள் இருக்கும் பூட் பார்ட்டிஷனும் (டிஸ்கின் ஒரு பகுதி) அதன் முன்னால் இருக்கும் சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷனும் மட்டும் பூட்டுக்கு வெளியே. கிரப் அந்த பூட் பார்ட்டிஷனிலிருந்து கெர்னலையும், இனிட்ராம்எஃப்எஸ் என்கிற ஒரு சிறிய மூட்டையையும் நினைவகத்தில் ஏற்றும். கடவுச்சொல் கேட்பதும் பூட்டைத் திறப்பதும் அந்த மூட்டைக்குள் இருக்கும் நிரல்களின் வேலை. மூட்டையில் இல்லாத எதுவும் அந்த நேரத்தில் கைக்குக் கிடைக்காது, ஏனென்றால் மற்றதெல்லாம் இன்னும் பூட்டுக்குள் இருக்கிறது. இதை நான் முதலிலேயே நினைத்துப் பார்த்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

முதல் நாள் நான் திரையைப் பற்றிக் கவலைப்படவில்லை. டிஸ்கில் இருப்பது பத்திரமாக இருக்கிறதா என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. டிஸ்கைத் தொடாமல் யுஎஸ்பியிலிருந்தே லினக்ஸை ஓட்டும் லைவ் யுஎஸ்பியில் கணினியை எழுப்பி, லக்ஸ் பூட்டைக் கையாளும் கிரிப்ட்செட்டப் கட்டளையால் பார்ட்டிஷனைத் திறந்தேன். கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது. பூட்டுக்குள் டிஸ்கைப் பிரித்து வைத்திருக்கும் எல்விஎம் தொகுதிகளை உயிர்ப்பித்து மவுன்ட் செய்ததும் (கோப்புகளைப் பார்க்கும்படி இணைத்ததும்) என் கோப்புகள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. அந்த நிம்மதியை எழுத்தில் கொண்டுவர முடியாது. உடனே பூட்டின் விவரங்கள் இருக்கும் தொடக்கப் பகுதியான லக்ஸ் ஹெடரை வேறொரு யுஎஸ்பியில் நகல் எடுத்தேன். லக்ஸ் 2-இல் ஹெடர் பகுதி வழக்கமாக 16 எம்பிதான். ஆனால் டிஸ்கின் உண்மையான சாவி, கடவுச்சொல்லால் மூடப்பட்டு, அங்கேதான் இருக்கிறது. அது கெட்டுப்போனால் சரியான கடவுச்சொல் தெரிந்தும் பயனில்லை. பூட்டு போட்ட டிஸ்க் வைத்திருக்கும் எல்லோரும் இந்த நகலை இன்றைக்கே எடுத்துவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்றும் உண்டு: பின்னால் கடவுச்சொல்லை மாற்றினாலும், பழைய நகல் பழைய கடவுச்சொல்லுக்கே திறக்கும். அதனால் மாற்றிய பிறகு புது நகல் எடுத்து, பழையதை அழித்துவிடுவது நல்லது.

இரண்டாம் நாள் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டி வந்தது, கடவுச்சொல் கொடுத்தேன், எல்லாம் இயல்பாக எழுந்தது. சரி, புதுக் கெர்னலின் மூட்டை உருவாகும்போதே ஏதோ கெட்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன். எல்லாக் கெர்னல்களின் மூட்டைகளையும் திரும்ப உருவாக்கும்படி அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையைக் கொடுத்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் புதுக் கெர்னலிலும் கறுப்பு, அதுவரை ஓடிக்கொண்டிருந்த பழைய கெர்னலிலும் கறுப்பு.

பயந்துதான் போனேன். ஆனால் படுக்கப் போகும் முன் ஒன்று உறைத்தது. பழைய கெர்னல் மாறவில்லை, அதன் மூட்டை மட்டும்தான் மாறியது. அப்படியென்றால் குற்றம் கெர்னலில் இல்லை. மூட்டை கட்டும் விதத்தில் இருக்கிறது.

மூன்றாம் நாள் கறுப்புத் திரையின் முன் உட்கார்ந்து கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, அணைந்தது. உறைந்துபோன கணினி இப்படிப் பதில் சொல்லாது. அப்படியானால் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறது. திரையில் எதுவும் தெரியாமலே கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாக நிதானமாக அடித்து என்டர் தட்டினேன். இரண்டு மூன்று விநாடி ஒன்றும் இல்லை. அந்தத் தாமதத்துக்குப் பயப்பட வேண்டாம். கடவுச்சொல்லிலிருந்து சாவியைக் கணக்கிடும் ஆர்கான்2ஐடி முறை, ஊகித்துத் திறக்க முயல்பவர்களைத் தடுக்க வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொள்கிறது. பிறகு டிஸ்க் விளக்கு துடித்தது. இன்னும் சில விநாடிகளில் முழுத் திரையும் வெளிச்சமாகி லாகின் பக்கம் வந்து நின்றது.

கணினி மூன்று நாளும் என்னிடம் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. கேட்டது என் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பூட்டைத் திறந்ததும் ஏன் திரை உயிர் பெற்றது என்பதும் அப்போது புரிந்தது. இன்டெல் கிராபிக்ஸை இயக்கும் ஐ915 என்கிற டிரைவர் நிரல் பூட்டுக்குள் இருக்கும் டிஸ்கிலிருந்துதான் வருகிறது. கதவு திறந்த பிறகுதான் விளக்கு கிடைக்கிறது, ஆனால் சாவித்துவாரத்தைப் பார்க்கவே விளக்கு வேண்டும்.

இதை உறுதிசெய்ய, அடுத்த முறை கிரப் மெனுவில் ஆங்கில ‘ஈ’ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் இருந்த செய்திகளை மறைக்கும் ‘க்வையட்’, அழகான தொடக்கத் திரையைக் காட்டும் ‘ஸ்பிளாஷ்’ இரண்டையும் நீக்கி, எஃப்10 அழுத்தினேன். செய்திகள் மளமளவென்று ஓடி, கடைசியில் கடவுச்சொல் கேட்கும் வரி வெறும் எழுத்தாக வந்து நின்றது. அழகான பெட்டியை வரையும் பிளிமத் நிரல்தான் டிரைவர் இல்லாமல் தடுமாறியிருக்கிறது. இந்த மாற்றம் கணினி எழும் அந்த ஒரு முறைக்கு மட்டும்தான், எதையும் நிரந்தரமாகத் தொடாது. கறுப்புத் திரையைப் பார்க்கிறவர்கள் வேறு எதையும் செய்வதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம். ஓடும் செய்திகளில் எந்த வரியோடு நிற்கிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

நான்காம் நாள் எஞ்சியது ஒரே கேள்வி: டிரைவர் மூட்டையிலிருந்து எப்போது காணாமல் போனது? மூட்டைக்குள் இருப்பதைப் பட்டியலிடும் எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையால் பட்டியலை எடுத்து ஐ915 என்று தேடினேன். இல்லவே இல்லை. மூட்டைக்கான அமைப்புக் கோப்பைத் திறந்ததும் விடை கிடைத்தது. சில வாரங்களுக்கு முன் பூட் பார்ட்டிஷன் நிரம்பி வழிந்தபோது, மாட்யூல்ஸ் என்ற வரியில் இருந்த ‘மோஸ்ட்’ என்பதை ‘டெப்’ என்று மாற்றியிருந்தேன். மோஸ்ட் என்றால் பெரும்பாலான டிரைவர்களும் மூட்டைக்குள் வரும். டெப் என்றால் கணினியின் முதன்மைக் கோப்புகள் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்யத் தேவைப்படும் என்று அது கருதுபவை மட்டும். கோப்பை மாற்றிய அன்று மூட்டை எதுவும் புதிதாகக் கட்டப்படவில்லை. அதனால் எதுவும் கெடவில்லை, நானும் மறந்துபோனேன். அடுத்த கெர்னல் வந்து புது மூட்டை கட்டியபோதுதான் அந்த மாற்றம் வேலைக்கு வந்தது. பழைய கெர்னலையும் நானே கட்டளை கொடுத்து அதே வழிக்கு இழுத்துவிட்டேன்.

முதலில் டெப்பை அப்படியே வைத்துக்கொண்டு, கட்டாயம் ஏற்ற வேண்டிய மாட்யூல்களின் (டிரைவர் போன்ற கெர்னல் துண்டுகளின்) கோப்பில் ஐ915 என்று ஒரு வரி சேர்த்தேன். பெட்டி உடனே திரும்பி வந்தது. இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. டெப் மூட்டை இந்த ஒரு கணினிக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. நாளைக்கு இந்த டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டால் எழும் என்று நம்ப முடியாது. அதனால் பயன்படாத பழைய கெர்னல்களை நீக்கி இடம் உண்டாக்கிவிட்டு, மோஸ்ட்டுக்கே திரும்பினேன். இந்த முறை ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் மூட்டையை மட்டும் கட்டி, பட்டியலில் ஐ915 இருப்பதைப் பார்த்து, ரீஸ்டார்ட் செய்து சோதித்த பிறகே அடுத்ததைத் தொட்டேன்.

இன்று காலை மூன்று முறை முழுவதுமாக அணைத்து எழுப்பினேன். மூன்று முறையும் பெட்டி வந்தது. லக்ஸ் 2-இல் ஒவ்வொன்றிலும் ஒரு கடவுச்சொல் வைக்கக்கூடிய 32 சாவி இடங்கள் வரை உண்டு, நான் பயன்படுத்துவது ஒன்றுதான். இன்னொரு நீளமான கடவுச்சொல்லை இரண்டாவது இடத்தில் சேர்த்து, அதன் பிறகு ஹெடரின் புது நகல் எடுப்பதை இந்த வார இறுதிக்கு வைத்திருக்கிறேன்.