கனடாவில் சுங்கானும் மண்ணிறப் பேணியும்

கனடாவுக்குப் புதிதாக வரும் சுங்கான்காரருக்கு முதல் திகைப்பைத் தருவது கடைதான். ஒன்ராறியோவில் 2008 மே 31 முதல் சாதாரணக் கடைகளில் புகையிலைப் பொருட்களைப் பார்வைக்கு வைக்க முடியாது. காசு வாங்குபவருக்குப் பின்னால் மூடிய அலமாரிதான் நிற்கும். 19 வயது நிறைந்தவர் கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஆனால் என்ன கேட்பது என்று நீங்கள்தான் தெரிந்திருக்க வேண்டும். மூலைக்கடையில் அனேகமாகச் சிகரெட்தான் இருக்கும். சுங்கான் புகையிலைக்கென்றால் சுருட்டும் சுங்கானும் விற்கும் தனிக்கடையைத் தேடிப் போக வேண்டும்.

அங்கே போனாலும் பழகிய பேணியைக் கண்ணால் அடையாளம் காண முடியாது. 2019 நவம்பர் 9 இல் கனடாவின் ஒரேமாதிரிப் பொதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடைக்காரர்களுக்கு 2020 பெப்ரவரி 7 வரை தவணை கொடுத்தார்கள். அதன் பிறகு சிகரெட், சுருட்டு, சுங்கான் புகையிலை எல்லாவற்றின் பொதியும் ஒரே மங்கிய மண்ணிறம். நிறுவனத்தின் சின்னமும் படமும் இல்லை, பெயர் மட்டும் ஒரே எழுத்துருவில் இருக்கும். கப்பல் படம் போட்ட பேணி, நீலப்பேணி என்று நிறத்தையும் படத்தையும் வைத்து வாங்கிப் பழகியவருக்கு அந்த வழி அடைபட்டுப் போயிற்று.

நிறம் போனதைவிடப் பெரிய இழப்பு, பலவகை இலைகளைச் சேர்த்துச் செய்யும் கலவைகளே வராமல் போனது. டென்மார்க்கிலோ ஜேர்மனியிலோ இருக்கும் ஒரு சிறிய தயாரிப்பாளர் கனடாவுக்கு ஒரு கலவையில் சில நூறு பேணிகள்தான் அனுப்புவார். அதற்காகத் தனி நிறம், தனி அச்சு, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எச்சரிக்கை என்று செய்தால் செலவு கட்டாது. அதனால் கனடாவையே விட்டுவிடுகிறார். புகையிலை ஆளைக் கொல்லும், சட்டம் வந்ததற்குக் காரணம் அதுதான், அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருபது வருடம் ஒரே கலவையைப் பிடித்தவருக்கு அது அலமாரியில் இல்லாமல் போவது உண்மையான இழப்பு. அந்த இழப்புக்கு ஆயத்தமாக இருக்கலாம். அதற்குப் பேணியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட உள்ளே என்ன இலை இருக்கிறது என்பது தெரிய வேண்டும்.

கடைசிப் பேணி கையில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். ஒரு சிட்டிகையை வெள்ளைக் கடுதாசியில் கொட்டி, பகல் வெளிச்சத்தில் ஊசியால் பிரித்துப் பாருங்கள். மஞ்சளும் வெளிர் செம்மஞ்சளுமாக இருப்பது இளநிற வேர்ஜீனியா, புல்லும் எலுமிச்சையும் கலந்த மணம். செங்கபிலம் முற்றிய வேர்ஜீனியா. உலர்ந்த முந்திரிகைப்பழ மணம் வரும். கறுத்து, மினுக்கம் இல்லாமல், அடுப்புப் புகையும் தோலும் சேர்ந்த வாசம் அடித்தால் அது லட்டாக்கியா, இப்போது பெரும்பாலும் சைப்பிரஸில் புகைபோட்டுப் பதப்படுத்துவது. பச்சை கலந்த பழுப்பில் சின்னச் சின்னத் துண்டாக இருப்பவை துருக்கி, கிரேக்கப் பக்கத்து ஒரியன்டல் இலைகள். கறுப்பாக ஈரப்பசையோடு இனிப்பு வாசம் வீசுவது கறுப்புக் கவெண்டிஷ். மிளகும் புளித்த பழமும் கலந்த மணம் பெரிக். லூசியானாவின் சென் ஜேம்ஸ் பகுதியில் பீப்பாய்க்குள் அழுத்திப் புளிக்க வைக்கும் இலை அது. யாழ்ப்பாணத்துச் சுருட்டு இலையின் புகைவாசத்தோடு வளர்ந்தவருக்கு மிகக் கிட்டவாக வருவது கென்டக்கி. நெருப்புப் புகையில் பதப்படுத்திய கனத்த இலை. சுருட்டுக்குக் கோடா போடுவது தெரிந்தவருக்கு சுங்கான் புகையிலை செய்பவர்கள் இலைக்கு இனிப்புநீர் தெளிப்பதையும் விளக்கத் தேவையில்லை.

கண்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: இலைகள், கண்மட்டில் விகிதம், வெட்டு. தகடா, நாடாவா, உதிர்த்ததா என்பது முக்கியம். அதே இலை தகடாக அழுத்தப்பட்டால் மெதுவாக எரியும், சுவையும் மாறும். கலவையின் தனிப்பெயரையும் எழுதுங்கள், ஏனென்றால் சில வேளை கலவை சாவதில்லை, நிறுவனப் பெயர்தான் மாறுகிறது. டன்ஹில் சுங்கான் புகையிலைகள் 2018 இல் நின்றன. 2019 இல் நைட்கப், ஏர்லி மோர்னிங் பைப், மை மிக்ஸர் 965 எல்லாம் அதே பெயரில் பீட்டர்சன் பேணியில் வந்தன. டன்ஹில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டவர் வெறுங்கையோடு திரும்பினார். எல்லா இழப்பும் சட்டத்தால் வருவதும் இல்லை. கன்சாஸ் சிற்றியின் மக்கிளெலண்ட் என்ற புகையிலை நிறுவனம் 2018 இல் மூடியபோது சொன்ன காரணம் தரமான இலை கிடைக்கவில்லை என்பதே.

எல்லை தாண்டி பஃபலோவிலோ டிட்ரொயிட்டிலோ வாங்கலாம்தான். அங்கே பேணியில் நிறமும் படமும் இன்னும் இருக்கின்றன. ஆனால் 2016 ஓகஸ்ட் 8 முதல் சுங்கான் புகையிலையும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கீழ் வந்துவிட்டது. 2007 பெப்ரவரி 15 அன்று அங்கே சந்தையில் இருந்த கலவை தொடரலாம், அதற்குப் பின் வந்தது அனுமதி பெற வேண்டும் என்பது விதி. அதனால் ஒரு கலவையோடு நெடுங்காலம் இருக்க நினைப்பவர் பழைய கலவையைத் தெரிவது நல்லது.

திரும்பி வரும்போது கணக்குச் சரியாக இருக்க வேண்டும். 48 மணித்தியாலத்துக்குக் குறைவாக வெளியே இருந்தவருக்குப் புகையிலையில் வரிவிலக்கே கிடையாது. 48 மணித்தியாலம் தாண்டினால் 200 கிராம், அதுவும் உங்கள் கையோடு வர வேண்டும். கனடாவில் வரி கட்டியதற்கான முத்திரை இல்லாத பொதிக்கு அந்த 200 கிராமுக்குள்ளும் ஒரு சிறப்பு வரி உண்டு. இதில் பலர் சறுக்குவது பேணியின் அளவில்தான். ஐரோப்பியப் பேணி 50 கிராம், நான்கு கொண்டு வரலாம். அமெரிக்கப் பேணி பெரும்பாலும் 2 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 57 கிராம். மூன்று என்றால் 171, நாலாவது பேணியோடு 228 ஆகிவிடும். கூடினதை மறைக்காமல் சொல்லுங்கள், பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். வரியைக் கட்டினால் விடயம் முடிந்தது. சொல்லாமல் பிடிபட்டால் புகையிலையும் போய்த் தண்டமும் வரும்.

அடுத்தது பாதுகாப்பு. கனடாவின் குளிர்காலத்தில் புகையிலைக்கு எதிரி வெளிக்குளிர் அல்ல, வீட்டுச் சூடேற்றி. அது காற்றை அப்படி உலர்த்திவிடும். ஊரில் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும் என்று பயந்த அதே புகையிலை இங்கே தைமாதத்தில் இரண்டு கிழமைக்குள் நொறுங்கும். பிளாஸ்டிக் பை நம்பத்தக்கதல்ல. ஈரம் மெல்ல மெல்ல வெளியேறும், மணமும் அதோடு போகும். ஊறுகாய், ஜாம் போடும் கண்ணாடிப் போத்தல், இரண்டு துண்டு மூடியோடு, எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். 250 மில்லிலீற்றர் போத்தலில் ஏறத்தாழ 55 கிராம் அடங்கும், 500 இல் 110. சுடுநீரில் கழுவி ஒரு முழுநாள் காயவிடுங்கள். ஒரு துளி நீர் தங்கினாலும் பூஞ்சணத்துக்கு அது போதும். இலையை மெதுவாக அழுத்தி நிரப்பி, மூடியை இறுக்குங்கள். ஜாம் போத்தலைப்போல் கொதிநீரில் வைக்கக் கூடாது, இலை வெந்துவிடும்.

மூடியில் கலவை, அடைத்த திகதி, வாங்கிய இடம் மூன்றையும் எழுதி, இருட்டான அலுமாரியில் வையுங்கள். நிலவறை நல்ல இடம்தான், ஆனால் சூடேற்றும் உலைக்குப் பக்கத்திலும் வெறும் நிலத்திலும் வேண்டாம். வசந்தத்தில் பனி உருகி நீர் கசிந்தால் முதலில் நனைவது நிலத்தில் இருப்பது. வேர்ஜீனியா வருடக்கணக்கில் இருக்க இருக்க இனிக்கும். லட்டாக்கியாவின் புகைக்கூர் மெதுவாக மழுங்கும். வாசனை ஊட்டிய கலவைகளை வருடக்கணக்கில் வைப்பதில் பயனில்லை. பேணியைத் திறக்காமல் வைப்பவர்கள் ஓரத் துருவை அடிக்கடி பார்க்க வேண்டும். ஊசிமுனை ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பது உமியாகிவிடும்.

போத்தலைத் திறக்கும்போது தகடுகளின் மேல் வெள்ளையாக ஏதும் தெரிந்தால் வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். சீனி மணிபோல் மினுங்கினால் பயமில்லை. பஞ்சுபோல் மயிர் நீட்டி, பழைய ஈரத்துணி வாசம் அடித்தால் முழுப் போத்தலையும் எறிய வேண்டும், மேலால் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பிடிக்கக் கூடாது. காய்ந்துபோனதை மீட்க, அகன்ற கோப்பையில் கொட்டி, பிழிந்த ஈரத்துணியால் வாயை மூடுங்கள். துணி இலையில் முட்டக் கூடாது. மணிக்கு ஒருதடவை கிளறி, விரலிடையில் அழுத்தினால் ஒட்டாமல் மெல்ல விரியும் பதத்தில் நிறுத்துங்கள். அப்பிள் துண்டு போடும் பழைய வழக்கம் பூஞ்சணத்தைத்தான் கொண்டுவரும்.

கலவை முற்றாக இல்லாமல் போனால் தனி இலைகளை வாங்கிச் சேர்த்துப் பார்க்கலாம். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். ஆங்கிலக் கலவை என்று சொல்லும் வகைக்குத் தொடக்கமாக 20 கிராமில் வேர்ஜீனியா 10, லட்டாக்கியா 6, ஒரியன்டல் 4 போடுங்கள். தகடு இருந்தால் முதலில் உதிர்க்க வேண்டும். மூன்றும் ஒரே ஈரப்பதத்தில் இல்லாவிட்டால் ஒன்று எரிய மற்றது அணையும். கலந்த அன்றே பிடித்துப் பார்த்து, புகைவாசம் காணாது என்று லட்டாக்கியாவைக் கூட்டுவதுதான் வழமையான பிழை. போத்தலில் இரண்டு கிழமை இருந்த பிறகே வாசங்கள் ஒன்றோடொன்று சேரும். அப்போது கூட்டிய 2 கிராமும் எல்லாவற்றையும் மூடிவிடும். பெரிக் 1 கிராமில் தொடங்குங்கள், அதைக் கூட்டுவது லேசு, குறைக்க வழியில்லை. சோதனைக்கு மலிவான சோளக்கதிர்ச் சுங்கான் ஒன்றை ஒதுக்கிவையுங்கள். பழகிய மரச்சுங்கானில் பழைய கலவையின் வாசம் ஊறியிருக்கும், புதியது சரியாக வந்ததா என்று அது சொல்லாது. ஒவ்வொரு தடவையும் ஒரு அளவை மட்டும் மாற்றி, பழைய கொப்பியில் அதே பக்கத்தில் திகதியோடு எழுதிக்கொண்டு வாருங்கள்.