ஆன்ஃபீல்டின் முதல் சாம்பியன் லிவர்பூல் இல்லை

லிவர்பூல் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். இன்று உங்கள் கிளப்பின் மைதானமான ஆன்ஃபீல்டைச் சொந்த மைதானமாக வைத்து முதன்முதலில் இங்கிலாந்து கால்பந்து லீக் பட்டம் வென்றது அதே ஊரின் இன்னொரு கிளப்பான எவர்டன், 1891-இல்!

எவர்டனின் தொடக்கம் ஒரு மெதடிஸ்ட் தேவாலயம். செயின்ட் டொமிங்கோ தேவாலயத்துப் பையன்கள் கோடையில் கிரிக்கெட் ஆடுவார்கள். குளிர்காலத்துக்கும் ஒரு ஆட்டம் வேண்டுமே என்று 1878-இல் கால்பந்து அணி தொடங்கினார்கள். மறுவருடமே பெயர் எவர்டன் ஆனது. 1884-இல் ஆன்ஃபீல்டுக்கு வந்தார்கள்.

அங்கேதான் ஜான் ஹோல்டிங் வருகிறார். பீர் ஆலை முதலாளி, கிளப்பின் தலைவர், மைதானத்துக்கு வாடகை வாங்குபவரும் அவரே. வீரர்கள் உடை மாற்றுவதுகூட அவருடைய சாண்டன் ஹோட்டலில்தான். (இந்த ஏற்பாடு எத்தனை நாள் தாங்கும்?) வாடகைத் தகராறு முற்றி, 1892-இல் எவர்டன் மொத்தமாகக் கிளம்பி, ஸ்டான்லி பூங்காவுக்கு அந்தப் பக்கம் குடிசன் பார்க் என்ற புது மைதானத்தைக் கட்டிக்கொண்டது.

ஹோல்டிங் கையில் காலி மைதானம். எவர்டன் என்ற பெயரையாவது வைத்துக்கொள்ளப் பார்த்தார், கால்பந்துச் சங்கம் மறுத்துவிட்டது. சரி, புது அணியே தொடங்கிவிடுவோம் என்று தொடங்கியதுதான் லிவர்பூல். ஆட்களை ஸ்காட்லாந்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்களின் முன்னால் வரும் 'மேக்' அத்தனை பேருக்கு இருந்ததால் 'மேக்குகளின் அணி' என்றே பட்டப்பெயர்.

இன்னொன்று, ஆரம்பத்தில் லிவர்பூல் சட்டை நீலமும் வெள்ளையும். சிவப்பு 1896-இல்தான் வந்தது.