பாகமேற்றலும் பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொண்ட மார்க்கும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டுக்குத் தமிழ் எடுக்கிறேன். ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு 2021-இல் போன பிறகு எல்லாரும் வகுப்பறை மதிப்பீட்டைத்தான் பார்க்கிறார்கள். பேச்சுத் திறனுக்கும் 1 முதல் 6 வரை ஓர் அடைவுநிலை போட வேண்டும். கட்டுரை என்றால் நோட்டு கையில் இருக்கும். பாகமேற்று நடித்ததற்கு என்ன இருக்கிறது? நாலைந்து குழுக்கள் ஒன்றாக ஒத்திகை பார்க்கும்போது, சத்தமாகப் பேசும் பிள்ளைதான் கண்ணில் படும்.

அதனால் பிள்ளைகளையே தங்களுக்கு மார்க் போடச் சொன்னேன். காட்சி, அரசாங்கக் கிளினிக். டாக்டராக வந்த பிள்ளை கடகடவென்று ஒப்பித்துக்கொண்டே போய்ப் பாதியில் நின்றுவிட்டாள். நோயாளிக்குத் துணையாக வந்த பையனுக்கு ஒரே ஒரு வசனம்தான். அவன் சட்டென்று, "டாக்டர், தாத்தாவுக்கு இனிப்பு நீரும் இருக்கு, கால் புண்ணு ஆறவே மாட்டேங்குது" என்று எடுத்துவிட்டான். இனிப்பு நீர் என்றால் சர்க்கரை நோய். யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, வீட்டில் கேட்ட பேச்சாக இருக்க வேண்டும். அவள் தனக்குப் போட்டது 6, இவன் 2. கேட்டால், "நான் நெறைய பேசலையே டீச்சர்" என்கிறான்.

பெரியவர்களும் இப்படித்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தின் குரூகரும் டன்னிங்கும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், சோதனையில் கடைசியில் வந்த மாணவர்கள் தங்களைச் சராசரிக்கு மேல் என்று நினைத்தார்கள். முன்னணியில் இருந்தவர்கள் தங்கள் இடத்தைக் குறைத்தே சொன்னார்கள்.

இப்போதெல்லாம் நான் எண் கேட்பதில்லை. நடித்த கையோடு, மணி அடிப்பதற்குள், மூன்று கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். உன் முறை வராதபோது என்ன செய்தாய்? நண்பன் வசனத்தை மறந்தபோது? நீயாகச் சேர்த்துப் பேசியது எது? இதில் புளுகுவது கஷ்டம், அடக்கமாக ஒதுங்குவதும் கஷ்டம். என் குறிப்போடு ஒத்துப்போகாத தாளை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையிடம் பேசுவேன். அடைவுநிலை போடுவது நான்தான். "அப்புறம் எதுக்கு இந்த வேலை?" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். பிள்ளைகள் போடும் எண்ணே ரிப்போர்ட்டுக்குப் போகும் என்று தெரிந்தால் வகுப்பு முழுக்க 6-தான் வரும், சார்.

மூன்றாவது கேள்விக்குப் பல தாள்களில் பதிலே இல்லை. சோம்பல் இல்லை, நான் எழுதிக் கொடுத்த வசனத்தில் அவர்கள் சேர்த்துப் பேச இடமே இல்லை. அடுத்த காட்சி பாசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை. யார் கடைக்காரர், யாரிடம் எத்தனை ரிங்கிட் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்லப் போகிறேன். வசனம் கிடையாது.