தொண்டை நோவுக்குப் பின்னால்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் தொண்டை நோ என்றால் உப்புத்தண்ணீர்க் கொப்பளிப்பும் கொத்தமல்லிக் குடிநீரும்தான் முதலில் வரும். ஆனால் கிருமி வளர்க்கும் குருதி கலந்த கூழான இரத்த அகார் தட்டில், குண்டூசித் தலையளவான வெண்சாம்பல் கிருமிக் கூட்டங்களைச் சுற்றிக் குருதி கரைந்து தெளிந்த வளையங்களை ஒருமுறை கண்ட எனக்கு, அதை எளிதாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. தொண்டை நோவை உண்டாக்கும் அந்த ஏ பிரிவு ஸ்ரெப்ரோகொக்கஸ் பற்றீரியாவில், அதன் மேற்பரப்பிலுள்ள எம் புரதத்தின் மரபணுவை வைத்து 200க்கும் மேற்பட்ட வகைகள் பிரித்தறியப்பட்டுள்ளன. வெண்குருதிக் கலங்கள் விழுங்கிவிடாதபடி கிருமியைக் காப்பது இப்புரதமே; ஒரு வகைக்கு எதிராக உடல் ஆக்கும் பிறபொருளெதிரி பிற வகைகள் பலவற்றைத் தடுக்காததால், பிள்ளைகளுக்கு இந்நோய் திரும்பத் திரும்ப வருகிறது. எம்1 வகையின் ஒரு வழிமரபோ, வைரசிடமிருந்து பெற்ற நொதியால் வெண்குருதிக் கலங்கள் கிருமியைப் பிடிக்க விரிக்கும் டி.என்.ஏ. வலையையே அறுத்துத் தப்புகிறது. பென்சிலினுக்கு இன்றும் கட்டுப்படும் கிருமி என்பதால், மருத்துவர் எழுதிய 10 நாளும் பெறாமகளுக்கு மருந்தைக் கொடுக்கும்படி மச்சாளிடம் வற்புறுத்தினேன்; இந்நோய்க்குப் பின் வரக்கூடிய வாதக்காய்ச்சல் அவளது இதய வால்வைத் தொடக்கூடாது.